ஒரு புகார் வரும்வரை பின்னலாம்

லேஸ் பின்னுகிறவளுக்குப் பத்து விரல் இருந்தால் மட்டும் போதாது, சமயம் பார்த்து வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். விரல் வேலையைக் கன்னியர் மடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். வாயை மூடுவதைச் சிங்கப்பூரில் வாடிக்கைக்காரர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

கொக்கி ஊசியும் நூல் உருண்டையுமாக உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "சும்மா உட்கார்ந்து நூலை இழுக்கிறதுக்கா இவ்வளவு விலை?" என்ற கேள்வியைக் கேட்காதவள் உங்களில் யாராவது இருந்தால் அவள் புண்ணியவதி, இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்கள் வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

அனுமதி கிடைத்த விதம்

சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி புதுசாக ஓடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கு ஆபீஸில் கிளார்க் வேலை. கல்யாணமான ஐந்தாம் மாதம் அவரோடு கப்பலேறினேன். நாகர்கோவில் பக்கத்துக்காரிக்குக் கடல் என்ன புதுசா என்று நினைத்திருந்தேன். கரையில் நின்று பார்க்கிற கடல் வேறு, மேலே போகிற கடல் வேறு என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. குடிவந்தது தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடை வீடு ஒன்றின் பின்பாதியில். முன்னால் மாட்டுத்தீவனக் கடை. பின்னால் ஒரு குட்டி முற்றம், அதற்கு மார்பளவு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆமினா லாத்தா. நாகூர்க்காரர்கள் அக்காவை லாத்தா என்பார்கள். அவள் வீட்டுக்காரர் மரைக்காயருக்கு அராப் தெருவில் துணிக்கடை.

காலையில் வீட்டுக்காரர் கிளம்பிப் போனால் பொழுது சாயும்வரை நானும் சுவரும்தான். மலாய் தெரியாது, சொந்தம் என்று ஒருவர் கிடையாது. யார் கேட்டாலும் நான் கிளார்க் வீட்டம்மா. எனக்கு லூர்தம்மாள் என்று ஒரு பேர் இருப்பதே எனக்கு மறந்துபோய்விடும்போல இருந்தது. ஒருநாள் தலையணை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். ஓரத்தில் நான் பின்னிய லேஸ். ஆமினா லாத்தா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, இது கடையில் வாங்கியதா, கையால் செய்ததா என்று கேட்டாள். என் கைதான் என்றேன். "நல்ல கை" என்றாள். அந்த ஊரில் எனக்கென்று கிடைத்த முதல் பேர் அதுதான். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவளுக்கு ஒரு தொப்பி, அவளைப் பார்க்க வந்தவளுக்கு ஒரு குழந்தைச் சட்டை ஓரம் என்று வேலை கேட்டு ஆள் வரத் தொடங்கியது.

எங்கள் வீட்டுக்காரர் தங்கமான மனிதர், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். சம்பளம் பற்றாமல் பெண்டாட்டியை நூல் விற்க விட்டுவிட்டான் என்று கோயிலிலோ ஆபீஸிலோ யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூன்று நாள் சோறு இறங்காது. விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்:

"பொழுதுபோக்குக்குப் பின்னு, தெரிஞ்சவங்களுக்குக் கொடு, வேணாங்கல. ஆனா ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நம்ம வாசல்ல வந்து நின்னு குறை சொன்னா, அன்னைக்கோட ஊசியைப் பெட்டியில வச்சிரணும்."

தலை அளவு

தொப்பி பின்னுவதில் பெரிய கஷ்டம் தொப்பியில்லை, அளவு. அசல் வீட்டு ஆணின் தலையை நான் போய் அளக்க முடியுமா? அதற்கு ஆமினா லாத்தா ஒரு வழி வைத்திருந்தாள். அவரவர் வீட்டுப் பெண்கள் ஆளின் தலையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஆணியில் அப்படி ஏழெட்டு நூல் தொங்கும். சிராங்கூன் ரோட்டுப் பெரிய மனிதர்களின் தலைகளெல்லாம் என் சமையலறைச் சுவரில் இருந்தன.

மரைக்காயர் ஹஜ்ஜுக்குக் கப்பலேறினார். திரும்பி வருகிற நாளில் புதுத் தொப்பி போட்டு வரவேற்க வேண்டும் என்று லாத்தாவுக்கு ஆசை. பழைய நூல் முடிச்சு இருக்கவே இருக்கிறது. ஒரு மாதம் உட்கார்ந்து, நட்சத்திரம் நட்சத்திரமாக வைத்து, என் ஆயுசிலேயே நல்ல தொப்பி ஒன்று பின்னினேன். மரைக்காயரும் வந்தார். ஹஜ்ஜில் தலையை மழித்திருந்தார். அது சுகமாக இருந்ததென்று கப்பலிலும் இன்னொரு முறை மழித்துக்கொண்டு வந்திருந்தார். போகும்போது அவர் தலையில் இருந்த முடி ஒரு கூடை. நூல் அளந்தது அந்தக் கூடையையும் சேர்த்துத்தான். இதை லாத்தாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சந்தின் அந்தக் கோடியிலிருந்து மரைக்காயர் வருகிறார். தொப்பி புருவத்தை மறைத்து, காதில் உட்கார்ந்திருக்கிறது. தொழில் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாமல் ஊசி பெட்டிக்குள் போகப் போகிறது என்று முடிவே பண்ணிவிட்டேன். அவர் எங்கள் வீட்டுக்காரருக்கு ஸலாம் சொல்லி, கையிலிருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தொப்பியை நெற்றிக்கு மேலே தூக்கி விட்டுக்கொண்டு சொன்னார்:

"தொப்பியில ஒரு குத்தமும் இல்ல தம்பி, தலையிலதான் குத்தம். முடி வளந்துட்டா சரியாப் போயிரும்."

ஓட்டை

சலவைக்கு வருகிற பெரியவர் ஒருவர் இருந்தார். வெள்ளைத் துணி என்றால் கல்லில் அடித்துத்தான் வெளுக்க வேண்டும் என்பது அவர் வேதம். ஒரு துரைசானி கேட்டார் என்று பால் குவளை மூட ஆறு மூடி பின்னி, ஓரமெல்லாம் கண்ணாடி மணி கோத்து வைத்திருந்தேன். பின்னும்போது கையழுக்கு ஏறியிருக்கும் அல்லவா, மெல்ல அலசிக் கொடுங்கள் என்று பெரியவரிடம் கொடுத்தேன். ஆறும் வந்தன. பளிச்சென்று இருந்தன. மணிதான் ஒன்றுகூட இல்லை. நல்ல வேளையாக அவை இன்னும் துரைசானி கைக்குப் போகவில்லை. அதனால் புகார் சொல்ல வேண்டியவள் நான்தான், அதற்குத் தடை இல்லை. இரண்டு கண்ணி வேறு அறுந்து பெரிய ஓட்டையாகியிருக்கிறதே என்று கேட்டேன். அவர் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க அனுப்புறதே பூரா ஓட்டை. அதுல எது உங்க ஓட்டை, எது என் ஓட்டைன்னு எப்படிம்மா தெரியும்?"

வெள்ளை

மரைக்காயர் கடையிலிருந்து காத்தோங் பக்கத்து நோன்யா வீடுகளுக்குத் துணி போகும். நோன்யா என்றால் மலாய் பேசுகிற சீன வீட்டுப் பெண்கள். அழகு தெரிந்தவர்கள், சட்டை ஓரத்து லேஸில் ஒரு கண்ணி தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களில் ஓர் இளம் நோன்யாவுக்குத் தலைச்சன் ஆண் குழந்தை. மாதம் நிறைகிற அன்று விருந்து. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, ஒரு சின்னப் போர்வை வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை என்றதும் எனக்கு ஞானஸ்நானம்தான் ஞாபகம் வந்தது. பால் வெள்ளையில் பின்னி, வெயிலில் காயப்போட்டு, அரிசிக் கஞ்சி போட்டு, விருந்துக்கு மூன்று நாள் முன்னால் ரிக்‌ஷா ஏறிப் போனேன். வழியில் மழை பிடித்துக் கஞ்சி தொய்ந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. பொட்டலத்தைப் பிரித்த நோன்யாவின் முகம் மாறியது. மாமியார் பார்ப்பதற்குள் அதைச் சுருட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அதற்குள் பாதி மலாய் வந்திருந்தது. அந்தப் பாதியிலேயே புரிந்தது. அவர்கள் வீட்டில் வெள்ளை, சாவுக்கு. பிறந்த பிள்ளைக்குச் சிவப்புதான்.

எங்களுக்கு ஞானஸ்நானத்துக்கு வெள்ளை, லாத்தா வீட்டில் தொழுகைக்கு வெள்ளை, காத்தோங்கில் சாவுக்கு வெள்ளை. உருண்டை ஒன்றுதான். நான் திரும்பி வந்து மதில் ஓரமாக நின்று அழுதேன். லாத்தா அழவிடவில்லை. சாயத்துக்குச் சப்பங்கட்டையும் படிகாரமும் போட்டுக் கொதிக்கவைத்தாள். இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க நின்று முக்கி எடுத்தோம். சிவப்பு என்று சொல்ல முடியாது. ரோஜாவுக்கும் சிவப்புக்கும் நடுவில், இடத்துக்கு இடம் கூடிக் குறைந்து ஒரு நிறம் வந்தது. என் கை முழங்கை வரைக்கும் அதே நிறம். சாயங்காலம் சோறு போடும்போது வீட்டுக்காரர் பார்த்துவிட்டு என்ன இது என்றார். லாத்தா வீட்டு மருதாணி என்றேன். மருதாணி முழங்கை வரைக்குமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழம்பை ஊற்றிக்கொண்டார். புகார் எங்கள் வாசலுக்கு வரவில்லை, நானே அங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தேன், ஆகவே நிபந்தனை மீறப்படவில்லை என்று எனக்கு நானே வக்கீலானேன். விருந்து முடிந்த மறுவாரம் நோன்யா வேறு வேலைக்கு ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். மாமியாருக்கு அந்த நிறம் பிடித்துவிட்டதாம், எங்கே வாங்கியது என்று எல்லோரும் கேட்டார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்:

"அடுத்த பிள்ளைக்கும் இதே நிறம் வேணும். எப்படிப் பண்ணினேன்னு எங்கிட்டகூடச் சொல்லிராதே."

கை சொல்லிவிடும்

சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆமினா லாத்தா தானும் பின்ன வேண்டும் என்றாள். மதிலுக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு நான், அந்தப் பக்கம் முக்காலி போட்டு அவள். மதில்மேல் நூல் உருண்டையும் ஒரு தட்டில் அவள் சுட்ட நாகூர் வாடாவோ முறுக்கோ இருக்கும். சிராங்கூன் ரோட்டு மத்தியானங்கள் அப்போது அவ்வளவு அமைதி. எருமைகள் குளிக்கப் போகிற சத்தமும் தூரத்தில் டிராம் மணியும்தான் கேட்கும். அந்த மாதிரி மத்தியானம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

ஆறே மாதத்தில் அவள் என்னைவிட வேகம். ஆனால் அவள் கை இறுக்கம், என் கை தளர்வு. ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே எண்ணிக்கையில் பின்னினாலும் அவள் துண்டு என் துண்டைவிட விரற்கடை குட்டையாக வரும். தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கையெழுத்து மாதிரி அதை மறைக்கவே முடியாது. இதோடு எனக்கு இன்னொரு வியாதி, கோபம் வந்தால் என் கண்ணியும் இறுகிவிடும். ஒருநாள் நான் பின்னி வைத்திருந்த லேஸை லாத்தா விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இந்த மூணு வரி பின்னுறப்ப தம்பியோட என்ன சண்டை?"

மதில்மேல் ஒரு இருமல்

மாதா திருவிழாவுக்குப் பீடத் துணிக்கு லேஸ் வைக்க வேண்டும் என்று கோயில் மாதர் சபையில் முடிவாயிற்று. சபைக்குத் தலைவி அந்தோணியம்மாள் அக்கா. உபதேசியாரின் மனைவி. அவர் பார்வைக்குத் தப்பிய தூசி எங்கள் கோயிலில் கிடையாது. வேலையை என்னிடம் கொடுத்தார். பீடத்தின் அகலத்துக்கு ஒரே நீளமாகக் கட்டப் பின்னல். கட்டம் கட்டமாக வலை பின்னி, சில கட்டங்களை நூலால் அடைத்தால் உருவம் வரும், அடைக்காமல் விட்டால் ஜன்னல் மாதிரி நிற்கும். ஒரு சிலுவை, ஒரு திராட்சைக் குலை, மறுபடி ஒரு சிலுவை. இது நன்றாக அமைந்தால் லூர்தம்மாள் கை என்று கோயில் முழுக்கச் சொல்லும். சரியாக அமையாவிட்டால் அந்தோணியம்மாள் அக்கா எங்கே வந்து நிற்பார் என்றும் தெரியும்.

பாதி முடித்திருந்தேன், காய்ச்சல் வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கி எடுக்கிற காய்ச்சல். கொயினா மருந்தின் கசப்பில் ஊசியும் விரலும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பத்து நாள்தான் மிச்சம். கோயிலுக்குச் சொல்லிவிடு, இன்னொருத்தர் முடிக்கட்டும் என்று வீட்டுக்காரர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ லேஸையும் நூலையும் ஒரு துணியில் கட்டி எடுத்துப் போய் மதில்மேல் வைத்துவிட்டு ஒரு இருமல் இருமினார். லாத்தா அசல் வீட்டு ஆண்கள் முன்னால் வரமாட்டாள். இவர் உள்ளே வந்த பிறகு மூட்டை காணாமல் போயிற்று. திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அதே இடத்தில் அதே மூட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து இருந்தது. நான் போர்வைக்குள்ளிருந்து எழுந்து போய் வாங்கினேன். லாத்தா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். காய்ச்சல்காரி அதைக் காதில் வாங்கவில்லை. மூட்டையை அப்படியே வீட்டுக்காரரிடம் கொடுத்து அந்தோணியம்மாள் அக்கா வீட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். லாத்தா சொன்னது இதுதான்:

"கொடுக்குறதுக்கு முந்தி ஒருதரம் பிரிச்சுப் பாத்துக்கங்க, தங்கச்சி."

வாசலில் வந்து நின்றவர்

திருவிழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கைலியோடு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காய்ச்சல் விட்டு, சுவரைப் பிடித்து நடக்கிற தெம்பு வந்திருந்தது. வாசலில் ரிக்‌ஷா நின்றது. இறங்கியவர் அந்தோணியம்மாள் அக்கா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. லேஸை என் கண்முன்னால் விரித்தார். இடது பாதியில் சிலுவை, குலை, சிலுவை, குலை. வலது பாதியில் குலை மட்டும். சிலுவை இருக்க வேண்டிய ஒன்பது இடமும் வெறும் கட்டம். "பாதிப் பீடத்துல சிலுவை இருக்கு, பாதிப் பீடத்துல வெறும் ஜன்னல் இருக்கு" என்றார். அது பொய்யில்லை. அதோடு விட்டாரா? அவரும் மடத்தில் ஊசி பிடித்தவர். வலது பாதியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, இது உன் கை இல்லை, யார் கை என்று கேட்டார்.

வருஷக்கணக்காக நான் பயந்த புகார் வந்தேவிட்டது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அந்தப் பயம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. லாத்தாவின் பேரைச் சொன்னால் என்ன ஆகும்? முஸ்லிம் வீட்டுக் கை பட்டதைப் பீடத்தில் வைக்கமாட்டேன் என்று இவர் இங்கேயே உதறிவிடுவார். பீடத்துக்குப் பின்னிக் கொடுத்தாள் என்று அவள் ஜனங்கள் பக்கம் அவளைப் பேசுவார்கள். எனக்காக ஒரு வாரம் குனிந்த கழுத்து அது. என் கைதான் என்று சொல்லலாம், அக்கா நம்பமாட்டார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பின்னால் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் எழுந்து வந்தார். யார் என்ன சொல்வார்களோ என்று சட்டைப் பொத்தானைக்கூட இரண்டுதரம் பார்த்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிற மனிதர், வெறும் கைலியோடு வாசலில் நின்று சொன்னார்: "அந்தப் பாதி நான் பின்னினது. இவளுக்குக் காய்ச்சல், நாள் நெருங்கிருச்சு. கட்டம் போட வந்துச்சு, சிலுவை போட வரல."

அந்தோணியம்மாள் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் விரல்களைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. லேஸை மடித்து என்னிடம் தரவில்லை, வீட்டுக்காரர் கையில்தான் கொடுத்தார்.

"அப்படின்னா மிச்சத்தையும் நீங்களே இருந்து முடிச்சிருங்க. ஆறு மணிக்கு மாலை செபத்துக்குக் கொண்டு வந்திரணும்."

ஒன்பது சிலுவை

ரிக்‌ஷா போனதும் முற்றத்துக்கு ஓடினேன். லாத்தா எல்லாவற்றையும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "சிலுவை எல்லாம் ஒங்களுக்குன்னுதானே விட்டு வச்சேன். நான் போட்டா எங்க வீட்டுக்கும் ஒப்பாது, ஒங்க கோயிலுக்கும் ஒப்பாது" என்றாள். அவள் கணக்கு நியாயம்தான். காலிக் கட்டத்தைப் பிறகு சாதா ஊசியால் அடைத்துவிடலாம், அதற்காகத்தான் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நான்தான் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் இருந்தது. வீட்டுக்காரர் இடது பாதியைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸில் சரக்கு எண்ணுகிற குரலில் மேலே மூன்று கட்டம், நடுவில் ஒன்பது கட்டம் என்று சொல்லச் சொல்ல நான் வலது பாதியில் அடைத்துக்கொண்டே போனேன். லாத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் மறைவாக உட்கார்ந்து, ஊசி ஊசியாக நூல் கோத்து, கையை மட்டும் நீட்டி மதில்மேல் வைத்தாள். ஒன்பதாவது சிலுவை முடிந்தபோது கோயில் மணி இன்னும் அடித்திருக்கவில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

திங்கட்கிழமை நான் ஊசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பேச்சு என்றால் பேச்சுதான், புகார் வாசலுக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கவனித்துவிட்டு, ஏன் கை சும்மா இருக்கிறது என்றார். நிபந்தனையை ஞாபகப்படுத்தினேன். "குறை சொன்னது என் பாதியைத்தானே? உன் பாதியை யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். நான் அடுப்பங்கரைக்குள் போய்ப் புகைமேல் பழியைப் போட்டுக்கொண்டு அழுதேன். என் பேரைக் காப்பாற்றுவது என் கையில் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவருக்குத்தான் பாவம், கஷ்டகாலம் தொடங்கியது. அந்தோணியம்மாள் அக்கா ஒருவரிடம் சொன்னால் போதும், மறுநாள் காலையில் டிராமில் போகிறவர்களெல்லாம் பேசுவார்கள். கோயிலில் ஆண்கள் அவரைப் பார்த்து விரலால் பின்னிக் காட்டினார்கள். பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாராம், கூண்டுக்குள் சாமியார் மந்திரம் சொல்ல முடியாமல் சிரித்தாராம். லாத்தா நாகூருக்குத் திரும்பிப் போய், பிறகு போயே சேர்ந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காரரும் போய் வருஷமாகிறது. மதில் இருந்த இடத்தில் இப்போது ஒரு மோட்டார் கொட்டகை. இருந்த காலம் வரை அவர் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அந்தத் திருவிழா முடிந்த முதல் மாதமே அவர் ஆபீஸ் பியூன் முனியாண்டி வீட்டுக்கே வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு, என்னை விட்டுவிட்டு அவரிடம்தான் கேட்டான்:

"ஐயா, வீட்டுல தலகாணி உறைக்கு ரெண்டு ஓரம் கேக்குறா. அம்மாவுக்கு நேரமில்லன்னா பரவாயில்ல, ஐயா கையே போதும்."

முப்பது வருஷம் கழுத்து வலிக்கப் பின்னியவள் நான். தேக்கா வட்டாரத்தில் லேஸுக்குப் பேர் வாங்கியவர் என்னவோ ஒரு கண்ணிகூடப் போடத் தெரியாத எங்கள் வீட்டுக்காரர்தான்.